துரு செய்யும் வேலை

குடிநீரில் நஞ்சைப் பிடிக்கிறது, உரத்தை உண்டாக்குகிறது, மின்சாரத்தைச் சேமிக்கிறது. உலகின் மிக மலிவான உலோகம் நானோ அளவுக்கு இறங்கும்போது நடப்பவை இவை.

2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் வங்கதேசத்துக் கிராமங்களில் அடிகுழாய்களுக்கு வண்ணம் பூசினார்கள். பச்சை பூசிய குழாயில் பிடித்த தண்ணீரைக் குடிக்கலாம். சிவப்பு பூசிய குழாயில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். ஒரு மடக்குக்கூடக் குடிக்கக் கூடாது. ஏறக்குறைய 50 லட்சம் குழாய்களைச் சோதித்ததில் பத்துக்கு மூன்று சிவப்பாயின. இரண்டிலும் வந்த தண்ணீர் கண்ணுக்கு ஒன்றுதான். தெளிவானது, குளிர்ச்சியானது, வாடையில்லாதது. சிவப்புக் குழாயில் மட்டும் ஆர்செனிக் இருந்தது.

அந்தக் குழாய்களை இறக்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் இறக்கினார்கள். குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் குழந்தைகள் சாவதைத் தடுக்க, 1970-களில் யுனிசெஃப் துணையோடு ஆழம் குறைந்த குழாய்கள் போடும் வேலை தொடங்கி, பிறகு ஊர் ஊராகப் பரவியது. நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. வழக்கமான சோதனைகளில் அது சேர்க்கப்படவே இல்லை. 1983-இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் மேற்கு வங்கத்துக் கிராமத்தார் சிலர் வந்தார்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கெட்டிப்பட்டிருந்தன, உடம்பில் கரும்புள்ளிகள். ஆர்செனிக் நஞ்சு என்று அவர் கண்டுகொண்டார். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராக நடந்து தண்ணீர் மாதிரிகளைச் சேகரித்தார். வங்கதேசத்தில் 1993-இல் அரசே உறுதி செய்தது. 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஆலன் ஸ்மித்தும் இரு சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள்: வங்கதேசத்தின் 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருக்கிறார்கள். மனித வரலாற்றில் ஒரு மக்கள்திரள் இந்த அளவுக்கு நஞ்சுக்கு உள்ளானதில்லை என்றார்கள். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் தோன்ற இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

இந்தக் கட்டுரை நானோ பொருள்களைப் பற்றியது. வங்கத்துக் குழாயில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே நஞ்சைத் தண்ணீருக்குள் விட்டதும் இரும்புதான், அதைத் திரும்பப் பிடிக்கப் பயன்படுவதும் இரும்புதான்.

இமயமலைப் பாறைகள் அரிக்கப்பட்டுக் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலில், ஒவ்வொரு மணல்மணியின் மேலும் துரு படிந்திருக்கிறது. ஆர்செனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டுதான் சமவெளிக்கு வந்தது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது அங்கேயே இருக்கும். ஆனால் டெல்டா மண்ணில் மக்கிய இலையும் சேறும் புதைந்த இடங்களில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவைக் கொண்டு மூச்சு விடுகின்றன. துரு கரைகிறது. அதுவரை அது பிடித்து வைத்திருந்த ஆர்செனிக் தண்ணீரில் இறங்குகிறது. இத்தனை லட்சம் பேரின் நோய்க்குப் பின்னால் உள்ள வேதியியல் இவ்வளவுதான்.

அப்படியானால் தண்ணீரில் மறுபடி துருவைப் போட்டால் ஆர்செனிக் மறுபடி ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டிக்கொள்ளும். உலகம் முழுவதும் பலர் இதைத்தான் செய்து பார்த்தார்கள். வங்கதேசத்தின் குஷ்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அபுல் ஹுஸ்ஸாம், பட்டறைகளில் வீணாகும் வார்ப்பிரும்புச் சீவல், மணல், கரி, செங்கல் ஜல்லி ஆகியவற்றை இரண்டு வாளிகளில் அடுக்கி 'சோனோ' என்ற ஃபில்டரைச் செய்தார். 2007-இல் அதற்கு அமெரிக்கப் பொறியியல் அகாதமியின் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. பணத்தின் பெரும்பகுதியை ஃபில்டர்களை மக்களுக்குக் கொடுக்கவே செலவிட்டார். மின்சாரம் வேண்டாத, கொல்லனும் கொத்தனும் அறிந்த சரக்கைக் கொண்டு செய்யக்கூடிய ஒரு கருவிக்கு உலகின் பெரிய பொறியியல் பரிசுகளில் ஒன்று போய்ச் சேர்ந்ததை நான் அந்த ஆண்டின் மிக நல்ல செய்தியாக நினைக்கிறேன்.

ஒன்றரை ஏக்கர்

துரு ஆர்செனிக்கைப் பிடிப்பது அதன் மேற்பரப்பில். உள்ளே இருக்கும் அணுக்களுக்கு அந்த வேலையில் பங்கில்லை. அடுப்பில் கட்டையை அப்படியே வைத்தால் பற்றாது, சிராய் சீவி வைத்தால் உடனே பற்றிக்கொள்ளும் என்பது விறகு எரித்த எல்லோருக்கும் தெரியும். காற்றுப் படும் பரப்பு கூடுவதுதான் காரணம். நானோ அறிவியலின் முதல் பாடமும் அதே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். ஒரு நானோமீட்டர், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டிக்கொண்டே போனால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். சுமார் ஒன்றரை ஏக்கர். கைவிரலால் எடுக்கக்கூடிய ஒரு துண்டுக்குள் ஒன்றரை ஏக்கர் நிலம் ஒளிந்திருக்கிறது. தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பொடியாக்க வேண்டும் என்பது விளங்கும்.

துரு வகைகளில் ஒன்று, இந்தப் பொடியாக்கும் வேலையைத் தானே செய்துகொண்டு பிறக்கிறது. அதன் பெயர் ஃபெர்ரிஹைட்ரைட். சில நானோமீட்டர் அளவே உள்ள, ஒழுங்காகப் படிகம் கட்டாத துகள்களால் ஆனது. ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பு. ஆர்செனிக் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. மின்னேற்றம் இல்லாத வடிவம்தான் அதிக நச்சு, பல வடிகட்டிகளிடம் தப்பிப்பதும் அதுதான். ஃபெர்ரிஹைட்ரைட் இரண்டையும் பிடிக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. நிலைத்து நிற்காது. தண்ணீரில் கிடக்கக் கிடக்கத் துகள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கோயத்தைட், ஹேமடைட் என்ற பெரிய, ஒழுங்கான படிகங்களாக மாறிவிடும். பரப்பு சுருங்கும், பிடிக்கும் சக்தியும் குறைந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் நானோ துகளைச் செய்வது இன்று பெரிய காரியமில்லை. இரும்பு உப்புக் கரைசலில் காரத்தை ஊற்றினால் நிமிடத்தில் கிடைக்கும். கடினம் எங்கே என்றால், சிறியதைச் சிறியதாகவே வைத்திருப்பதில். சிறு துகளுக்குப் பரப்பு அதிகம். பரப்பு அதிகமான எதுவும் ஒன்றுகூடிப் பரப்பைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். அது இயற்கையின் போக்கு. அந்தப் போக்கை ஆண்டுக்கணக்கில், மலிவாக, குடிப்பவருக்குத் தீங்கில்லாமல் தடுத்து நிறுத்துவதுதான் இந்தத் துறையின் உண்மையான சாதனை. நானோ என்ற சொல்லை விளம்பரத்தில் பார்க்கும் போதெல்லாம் நான் தேடுவது இந்த ஒன்றைத்தான்.

சென்னையில் ஒரு விடை

சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப் கேரளத்தில் பிறந்தவர். அவருடைய குழு தண்ணீர்ப் பக்கம் வந்தது பூச்சிமருந்தால். 2003-இல் இந்தியாவில் விற்கப்பட்ட பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்து நாடே பேசிய நேரம். அதே ஆண்டில் பிரதீப்பும் மாணவர்களும், எண்டோசல்ஃபான் போன்ற குளோரின் கலந்த சேர்மங்கள் வெள்ளி, தங்க நானோ துகள்களின் பரப்பில் பிடிபடுவதையும் சில சேர்மங்கள் அங்கே சிதைந்தே போவதையும் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் வெள்ளித் துகள் பூசிய பொருள் வீட்டு ஃபில்டருக்குள் வைத்து விற்பனைக்கு வந்தது.

ஆர்செனிக்கிற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது இரும்பு. ஃபெர்ரிஹைட்ரைட்டை நிலைக்கச் செய்ய, அதைக் கைட்டோசான் என்ற பொருளின் வலைக்குள் பிறக்கவைத்தார்கள். கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. மீன் பதப்படுத்தும் ஆலைகள் மலையாகக் கழித்துப் போடும் குப்பைதான் மூலம். அறை வெப்பநிலையில், தண்ணீரிலேயே தயாராகிறது. உலையில் சுட வேண்டியதில்லை. வலைக்குள் சிக்கிய துகளுக்குப் பக்கத்துத் துகளோடு சேர வழியில்லாமல் போகிறது. மொத்தமும் குருணையாகக் கெட்டிப்படுவதால் தண்ணீரோடு இரும்புத் துகள் ஓடிவந்து டம்ளரில் விழுவதுமில்லை. இந்த ஆய்வின் விரிவான கட்டுரை 2017-இல் 'அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்' இதழில் வந்தது. 'அம்ரித்' என்ற பெயரில் மேற்கு வங்கம், பிகார், பஞ்சாப் உள்ளிட்ட மாநிலங்களின் ஊர்களில் இந்தக் குருணை நிரப்பிய வடிகட்டிகள் நிறுவப்பட்டன. பத்து லட்சம் பேருக்கு மேல் அவற்றின் தண்ணீரைக் குடிக்கிறார்கள். லிட்டருக்கு ஆகும் செலவு சில பைசாக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதற்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீயும், 2022-இல் வளரும் நாடுகளின் கண்டுபிடிப்பாளருக்கான வியட்நாமின் வின்ஃபியூச்சர் சிறப்புப் பரிசும் கிடைத்தன.

இதே குழு 2013-இல் வெளியிட்ட வெள்ளி வடிகட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிருமியைக் கொல்லும் வெள்ளி, தண்ணீரில் மிகச் சிறிய அளவில், நீண்ட காலத்துக்கு ஒரே சீராகக் கசிய வேண்டும். கூடினால் குடிப்பவருக்கு ஆகாது, குறைந்தால் கிருமி சாகாது. வெள்ளித் துகளையும் அலுமினிய ஆக்ஸிஹைட்ராக்சைடு-கைட்டோசான் கூட்டுக்குள் அடைத்து இதைச் சாதித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 150 ரூபாயில், பாதுகாப்பான தண்ணீர் தரலாம் என்று கணக்குக் காட்டினார்கள். ஆய்வுக் கட்டுரையில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவை எழுதுவது அறிவியல் இதழ்களில் அடிக்கடி காணக் கிடைக்காத பழக்கம். எல்லா ஆய்வுக்கூடங்களும் அதைக் கைக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஃபெர்ரிஹைட்ரைட்டைக் கூண்டில் அடைக்கும் யோசனை மனிதருக்கு முன்பே உயிர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கல்லீரலில் இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெர்ரிட்டின் என்ற புரதம், 24 துண்டுகள் சேர்ந்த ஒரு வெற்றுக் கோளம். அதற்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை ஃபெர்ரிஹைட்ரைட் வடிவிலேயே அடைபட்டிருக்கும். இதைப் படிக்கும் உங்கள் உடம்பிலும் அந்த நானோ துரு இருக்கிறது.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் விக்கி கால்வின் குழு வேறு வழியில் போனது. 2006-இல் அவர்கள் 12 நானோமீட்டர் மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு) துகள்களால் ஆர்செனிக்கைப் பிடித்து, பிறகு சாதாரணக் காந்தத்தால் துகள்களை மொத்தமாகத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்துக் காட்டினார்கள். இவ்வளவு சிறு துகளை இழுக்க மிக வலிய காந்தம் தேவைப்படும் என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். வியக்கத்தக்க ஆய்வு. ஆனால் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தவை வாளியும் குருணையும்.

தட்டில் இருக்கும் சோறு

நீரிலிருந்து வினையூக்கிக்கு வருவோம். இங்கும் இரும்புதான் கதாநாயகன், இங்கும் சிறியதைச் சிறியதாகவே வைத்திருக்கும் அதே பிரச்சினை.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் பயிருக்குப் பயனில்லை. 1909-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஓஸ்மியம் என்ற உலோகத்தை வைத்து நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அமோனியாவாகச் சேர்த்துக் காட்டினார். ஓஸ்மியம் உலகிலேயே மிக அரிதான உலோகங்களில் ஒன்று. அதைக் கொண்டு ஊர் உலகத்துக்கு உரம் செய்ய முடியாது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார். கடைசியில் கைகொடுத்தது சுவீடனின் யெல்லிவாரெ சுரங்கத்திலிருந்து வந்த இரும்புத் தாது. சுத்த இரும்பு சரியாக வேலை செய்யவில்லை. அந்தத் தாது செய்தது. அதில் இருந்த கலப்புகள்தான் காரணம் என்று மிட்டாஷ் கண்டுபிடித்தார்.

சிறிதளவு அலுமினாவும் பொட்டாசியமும் கால்சியமும் கலந்த இரும்பு. அலுமினா வினையில் நேரடியாகக் கலந்துகொள்வதில்லை. 400, 500 டிகிரி சூட்டில் இரும்பின் சிறு படிகங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகிவிடாமல் இடையில் நின்று தடுக்கிறது. அதனால் இரும்பு சில பத்து நானோமீட்டர் அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஒருமுறை நிரப்பினால் பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும். 1913-இல் ஓப்பாவில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியபோது நானோ தொழில்நுட்பம் என்று எவரும் பேசவில்லை. ஆனாலும் அந்த உலைக்குள் இருந்தது நானோ பொருள். இரும்பின் பரப்பில் நைட்ரஜன் எப்படிப் பிளக்கிறது என்பதை அணு அளவில் விளக்கிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-இல் நோபல் பரிசு வந்தது.

உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த அமோனியாவை நம்பியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தூத்துக்குடியிலும் மணலியிலும் யூரியா ஆலைகள் அமோனியா தயாரித்ததும் மிட்டாஷ் காட்டிய அதே வழியில். காவிரி டெல்டாவில் குறுவைக்கு இடும் யூரியா மூட்டைக்குப் பின்னால் பொடிப் பொடியான இரும்பு இருக்கிறது.

துகள்கள் ஒன்றுகூடுவதைத் தடுத்து நிறுத்த வழி தெரியாதபோது என்ன ஆகும் என்பதற்கும் இரும்பிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஆலைக் கழிவால் நிலத்தடியில் இறங்கிய குளோரின் கரைப்பான்களை அழிக்க, இன்னும் துருவாகாத தூய இரும்பின் நானோ துகளை நிலத்துக்குள் செலுத்தலாம் என்று அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தின் வெய்-ஷியன் ஜாங் கண்டார். மேற்பரப்பில் துளி பல்லேடியம் வினையூக்கியாகப் பூசப்பட்ட இரும்பு அது. நியூஜெர்சியின் டிரென்டனில் நடந்த கள ஆய்வில் 1.7 கிலோ துகளை இரண்டு நாளில் செலுத்தினார்கள். நான்கு வாரக் கண்காணிப்பில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் சில இடங்களில் 96 சதவீதம் வரை குறைந்தது. 2001-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. பிறகு வந்த பல கள முயற்சிகளில் துகள்கள் செலுத்திய இடத்திலிருந்து அதிக தூரம் நகரவில்லை. திரண்டு கட்டியாயின, சீக்கிரம் துருப்பிடித்தன. அவற்றுக்குப் பாலிமர் உறை போடுவது, கரித்தூளில் ஏற்றுவது என்று இன்றும் ஆய்வு தொடர்கிறது.

மெதுவான பேட்டரி வேகமானது எப்படி

1997-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப்பின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அவரோடு எழுதியவர்கள் இரண்டு இந்தியர்கள்: அக்ஷய பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி. பேட்டரியின் நேர்மின்வாய்க்குக் கோபால்ட்டுக்குப் பதிலாக இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அவர்கள் முன்வைத்தார்கள். விலை மலிவு, நஞ்சில்லை. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் வெளியேறாது. தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. ஆனால் மின்சாரத்தை அது கிட்டத்தட்டக் கடத்தவே கடத்தாது. லித்தியம் அதற்குள் ஒரே திசையில் உள்ள ஒடுங்கிய பாதையில்தான் நகர முடியும். குறைந்த சக்தி போதும் என்ற இடங்களுக்கு ஏற்றது என்று அவர்களே எழுதினார்கள். காரோட்ட இது உதவும் என்று அன்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பவர் குறைவு.

இரண்டு மாற்றங்கள் அதைக் காப்பாற்றின. முதலாவது, அளவு. துகளுக்குள் லித்தியம் பரவ ஆகும் நேரம் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. துகளைப் பத்தில் ஒன்றாகச் சிறிதாக்கினால் நேரம் நூறில் ஒன்றாகிறது. ஒரு மைக்ரான் துகளை 100 நானோமீட்டருக்குக் கொண்டுவந்தாலே போதும். இரண்டாவது, உறை. 1999 வாக்கில் கனடாவில் நதாலி ராவே, மிஷேல் அர்மான் முதலானோர் ஒவ்வொரு துகளின் மேலும் மிக மெல்லிய கரி உறையைப் போட்டார்கள். கரி மின்சாரத்தைக் கடத்தியது. அதோடு, சுடும்போது துகள்கள் ஒன்றுகூடிப் பெரிதாகாமலும் பார்த்துக்கொண்டது. இறால் ஓட்டுக் கைட்டோசானும் மிட்டாஷின் அலுமினாவும் செய்த அதே காவல் வேலையைத்தான் கரி இங்கே செய்தது.

கால் நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழ். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகின் மின்வாகன பேட்டரிகளில் கிட்டத்தட்டப் பாதி இந்த இரும்பு வகை. சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் பெரிய நிலையங்களில் பெரும்பாலும் இதுவே. டாடா நெக்ஸான் மின்காரிலும், வீட்டு இன்வெர்ட்டருக்கு இப்போது கடையில் விற்கும் லித்தியம் பேட்டரிகள் பலவற்றிலும் இருப்பதும் இதுதான். கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் மண் தோண்டுகிறார்கள் என்பது பலமுறை ஆவணப்படுத்தப்பட்ட உண்மை. ஒவ்வோர் இரும்பு பேட்டரியும் அந்தத் தேவையைக் கொஞ்சம் குறைக்கிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த முதல் கட்டுரையில் இரண்டு இந்தியப் பெயர்கள் இருந்தன. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. லித்தியம் பேட்டரிகளில் பல பத்தாண்டு ஆய்வு அங்கே நடந்திருக்கிறது. இருந்தும் லித்தியம் அயான் செல்களுக்கு நாம் இன்றும் பெரிதும் இறக்குமதியை நம்பியிருக்கிறோம். சீன ஆலைகள் இந்தப் பொருளை டன் கணக்கில் செய்யக் கற்றுக்கொண்ட ஆண்டுகளில் நம் ஆய்வுக்கூடங்கள் கிராம் கணக்கில் செய்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தன. கிராமிலிருந்து டன்னுக்குப் போகும் பாதைக்குப் பணமும் பொறுமையும் கொடுக்க இங்கே ஆளில்லாமல் போனது.

ஃபில்டர் வைத்த பிறகு

மறுபடி வங்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே கற்ற பாடத்தை நாம் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் நீக்கும் நிலையங்கள் நிறையவே நிறுவப்பட்டன. தீபங்கர் சக்ரவர்த்தியின் குழு, 11 நிறுவனங்கள் செய்த 18 நிலையங்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டது. ஒன்றுகூட உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் தொடர்ந்து தண்ணீர் தரவில்லை. அப்போதைய இந்திய வரம்பான 50 மைக்ரோகிராமையே இரண்டு நிலையங்கள்தான் முழுக் காலமும் காத்தன. பிடிக்கும் பொருள் நிறைந்துவிட்டது தெரியாமல் ஓடிய நிலையங்கள், மணலும் இரும்பும் அடைத்துக்கொண்டவை, பழுதானதும் அப்படியே விடப்பட்டவை என்று பல. ஃபில்டரின் வழியாக வந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பி மக்கள் குடித்தார்கள். ஃபில்டர் இல்லாத ஊரில் இருந்த எச்சரிக்கைகூட அங்கே இல்லாமல் போனது.

ஆர்செனிக் அழியக்கூடிய பொருள் அல்ல, அது ஒரு தனிமம். வடிகட்டி பிடித்தது எல்லாம் வடிகட்டியிலேயே இருக்கிறது. நிறைந்துபோன குருணையைக் கொண்டுபோய்க் குளத்துச் சேற்றிலோ எருக்குழியிலோ கொட்டினால், ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் முதலில் நடந்ததே மறுபடி நடக்கும். பாக்டீரியா துருவைக் கரைக்கும். ஆர்செனிக் வெளியே வரும். இரும்பை நன்கு அறிந்தவர்கள் இதையும் அறிவார்கள். லீஹை பல்கலைக்கழகத்தின் அரூப் சென்குப்தா குழு, ரெசின் மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடு நானோ துகளை வளர்த்து உருவாக்கிய பொருளைக் காரக் கரைசலால் கழுவி மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடியும். கழுவிய ஆர்செனிக்கைத் தனியே திரட்டிக் காற்றோட்டமுள்ள இடத்தில் பத்திரப்படுத்தும் முறையும் அதோடு சேர்ந்து வருகிறது. வங்கத்து ஊர்களில் கிராமக் குழுக்களே பணம் வசூலித்து இப்படி நடத்திய நிலையங்கள் நெடுங்காலம் ஓடின.

இரும்பு எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. தமிழ்நாட்டில் ஆர்செனிக் பெரிய பிரச்சினை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் துயரம் ஃபுளோரைடு. அதை இரும்பு ஆக்சைடு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, அலுமினா வேண்டும். அந்த மாவட்டங்களுக்கு உண்மையான நிவாரணமாக வந்தது காவிரியிலிருந்து குழாய் போட்டு நீர் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். நல்ல நீர் அருகில் இருக்கும் இடத்தில் நானோ பொருளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அப்படி நீர் இல்லாத, குழாய் வர இன்னும் பல ஆண்டு ஆகும் இடங்களுக்குத்தான் இந்த வடிகட்டிகள்.

ஜல் ஜீவன் திட்டத்தில், ஆர்செனிக்காலும் ஃபுளோரைடாலும் பாதித்த குடியிருப்புகளுக்குக் குழாய் நீர் வரும்வரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் சுத்திகரித்த நீர் தர வழி செய்யப்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு வடிகட்டியைத் திறந்துவைப்பது ஒரு நாள் வேலை. அதை நம்பி ஓர் ஊர் குடிப்பது பல்லாண்டுக் காலம். அதனால் இனி வாங்கும் ஒவ்வொரு ஃபில்டரின் ஒப்பந்தத்திலும், தண்ணீரை மாதந்தோறும் சோதித்து முடிவை ஊர்ப் பலகையில் எழுதுவது யார், குருணை நிறைந்ததும் மாற்றுவது யார், நிறைந்த குருணையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பவை பெயரோடும் தொகையோடும் எழுதப்பட வேண்டும். எழுதாத ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திடக் கூடாது. உங்கள் ஊரில் அப்படி ஒரு நிலையம் இருந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கடைசியாகத் தண்ணீரைச் சோதித்த தேதியையும் முடிவையும் கேளுங்கள்.